நகராத தாழி

நாவல்பொட்டல் என்றோர் ஊர் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு வந்த வில்லங்கமெல்லாம் நன்றாக யோசித்த பிறகு வந்ததுதான்.

அந்த ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. அதைக் கட்டுவதற்கு அஸ்திவாரம் தோண்டியபோது பூமிக்குள்ளிருந்து ஒரு முதுமக்கள் தாழி கிடைத்தது. பழங்காலத்தில் இறந்தவர்களை உள்ளே வைத்துப் புதைப்பதற்கென்று செய்த பெரிய மண்பானை அது. இவ்வளவு நல்ல பொருள் வெயிலில் கிடக்கலாமா என்று அதை நடுவில் வைத்து, சுற்றிச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, கடைசியில் ஒரு வாசலும் வைத்தார்கள். வாசல் ஓர் ஆள் நுழையும் அளவு. தாழி இரண்டு ஆள் பருமன். தாழிக்கு வெளியே போய் ஆகவேண்டியது என்ன இருக்கிறது என்று யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தாழியைத் தவிர அங்கே கொஞ்சம் காசுகளும், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கல்வெட்டும், வைக்கோல் அடைத்த ஒரு முதலையும் இருந்தன. ஆனால் காப்பாட்சியர் மாசிலாமணிக்கு உயிர் தாழியின் மேல்தான். தினமும் காலையில் பூட்டைத் திறந்ததும் முதலில் அது இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்காருவார்.

ஒருநாள் தலைநகரத்திலிருந்து இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார்.

"மாசிலாமணி, உங்க மியூசியத்துக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்லை. அங்கே இருக்கிற பொருளையெல்லாம் போட்டோ எடுத்து இணையத்துல போடுங்க. ஒரு வலைப்பூ ஆரம்பிச்சு, மியூசியத்துல நடக்கிறதைத் தினமும் எழுதுங்க. உலகம் பார்க்கட்டும். பங்குனி முடியறதுக்குள்ள யாரும் பார்க்கலைன்னா, சுவரை இடிச்சாவது அந்தத் தாழியை இங்கே கொண்டுவந்துருவேன்."

மாசிலாமணி தாழி இல்லாத அருங்காட்சியகத்தை நினைத்துப் பார்த்தார். காலையில் பூட்டைத் திறந்தால் எதைப் பார்ப்பது? முதலையையா?

உடனே ஊழியர்களைக் கூட்டினார். நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் பொன்னுத்தாய் வந்தாள். கணினியில் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். காவலாளி சவரிமுத்து கம்போடு வந்தார். பெருக்கித் துடைக்கும் பிச்சாண்டி துடைப்பத்தோடு வந்தான். மாசிலாமணி சங்கதியைச் சொல்லித் தன் கைபேசியை எடுத்துத் தாழிக்கு நேராக நீட்டினார்.

சவரிமுத்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"சவரி, என்னய்யா இது?"

"போர்டு போட்டிருக்கே சார்." சுவரில் பலகை தொங்கியது. 'புகைப்படம் எடுக்கக் கூடாது' என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது.

"அதை மாட்டச் சொன்னதே நான்தான்யா."

"அதனாலதான் சார் கேக்கறேன். நீங்க சொன்னதை நீங்களே கேக்கலைன்னா ஊர்ல வேற எவன் கேப்பான்?"

மாசிலாமணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். நியாயம் நியாயம்தான்.

"உள்ளே எடுக்கத்தானே கூடாது?" என்றாள் பொன்னுத்தாய். "ஒவ்வொண்ணா வெளியே கொண்டுபோய் எடுப்போம்."

அதுவும் நல்ல யோசனையாகத்தான் இருந்தது. காசுகள் வெளியே போயின. கல்வெட்டு போயிற்று. முதலையைப் பிச்சாண்டி தோளில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். அன்றைக்குச் சந்தை நாள். தெருவில் காய்கறி விற்றவர்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பின்னால் என்னவோ வருகிறது என்று பிச்சாண்டியும் முதலையோடு கூடவே ஓடினான். அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் எல்லோரும் நின்றார்கள்.

தாழியின் முறை வந்தது. தள்ளிப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். வாசல் நிலையில் பிச்சாண்டி நல்லெண்ணெய் தடவிப் பார்த்தான். தாழி வாசலுக்குள் நுழையவே இல்லை. அதை மறுபடி நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு நால்வரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பொன்னுத்தாய்தான் பேசினாள். "தாழி வெளியே போகலைன்னா என்ன சார், போர்டு போகுமே?"

மற்ற மூன்று பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். இப்படி ஒரு மூளையை இத்தனை நாள் சீட்டுக் கிழிக்க வைத்திருந்தோமே என்று மாசிலாமணி வருந்தினார்.

பலகையைக் கழற்றிக்கொண்டு போய்த் தெருவோரப் புங்கமரத்தில் மாட்டினார்கள். எதிரே கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். புகைப்படக்காரர் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்துக்கொண்டிருந்தார். சவரிமுத்து போய் அவர் தோளைத் தட்டினார்.

"போர்டைப் பார்க்கலையா?"

புகைப்படக்காரரும் நாவல்பொட்டல்காரர். பலகையை ஒருதரம் வாசித்தார். எழுத்து தெளிவாக இருந்தது. கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

பெண்ணின் அப்பா பதறிப்போனார். "ஐயா, இது எங்க வீட்டு முதல் கல்யாணம். போட்டோ இல்லாம எப்படி?"

"யாருங்க வேண்டாங்கிறா? மியூசியத்துக்குள்ள வந்து எடுத்துக்கோங்க. அங்கே இப்ப தடையில்லை," என்றார் சவரிமுத்து.

கல்யாணக் கூட்டம் முழுக்கச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தது. மணமக்கள் தாழிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். யாரோ அட்சதை போட்டார்கள். பாதி தாழிக்குள் விழுந்தது. அந்தப் படமே நன்றாக வந்திருந்ததால் பொன்னுத்தாய் அதையே இணையத்தில் ஏற்றி, கீழே 'இறந்தவர்களை வைக்கும் தாழி' என்று எழுதினாள்.

மறுநாள் காலையிலேயே இயக்குநர் அழைத்தார். "மாசிலாமணி, அந்தப் படத்துல நிக்கிறது யாரு?"

"மாப்பிள்ளையும் பெண்ணும் ஐயா."

இயக்குநர் நெடுமூச்சு விட்டது இங்கே நன்றாகவே கேட்டது. "தாழியை மட்டும் எடுங்க. மத்த பொருளுக்கெல்லாம் அளவு தெரியணும். பக்கத்துல ஏதாவது அளவு தெரிஞ்சதா வைங்க. சாதாரணமா எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கட்டும்."

எல்லோருக்கும் தெரிந்தது என்ன என்று நால்வரும் யோசித்தார்கள். தீப்பெட்டி என்றான் பிச்சாண்டி. தீப்பெட்டியிலேயே சின்னது பெரியது உண்டு என்றாள் பொன்னுத்தாய். கடைசியில் மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். எதிரே சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அதே வாசலில் நிற்கிறவர். அவரைத் தெரியாதவர் ஊரில் உண்டா?

அன்று முதல் எல்லாப் படங்களிலும் சவரிமுத்து நின்றார். முதலைக்குப் பக்கத்தில் நின்றார். கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்றார். காசுக்குப் பக்கத்திலும் நின்றார். அந்தப் படத்தில் சவரிமுத்து தலை முதல் கால் வரை தெளிவாகத் தெரிந்தார். காசுதான் தெரியவில்லை.

"சார், காசு எங்கே இருக்குன்னு கேப்பாங்களே?" என்றாள் பொன்னுத்தாய்.

"அவர் காலுக்குக் கிட்ட இருக்குன்னு எழுதிடுங்கம்மா. சின்னதுன்னு தெரிஞ்சா போதும். அளவுதானே கேட்டாங்க?"

அடுத்தது வலைப்பூ. நடப்பதைத் தினமும் எழுத வேண்டும் என்பது உத்தரவு. பொன்னுத்தாய் காலையிலேயே கணினியின் முன்னால் உட்கார்ந்து, விசைகளின் மேல் விரல்களை வைத்துத் தயாராகக் காத்திருந்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்று ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தார்கள். மத்தியானம் ஆயிற்று. சாயங்காலம் ஆயிற்று. கதவை அடைக்கும் நேரமும் வந்துவிட்டது.

"ஒண்ணுமே நடக்கலையே சார்," என்றாள் பொன்னுத்தாய்.

"நான் வேணும்னா முதலையைத் தூக்கிட்டு ஒருதரம் ஓடட்டுமா?" என்று கேட்டான் பிச்சாண்டி.

"வேண்டாம்டா. நாமளா நடத்தினா அது நடந்ததா ஆகாது." மாசிலாமணி வழக்கப்படி தாழியைத் திரும்பிப் பார்த்தார். "தாழி இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"காலையில இருந்த இடத்துலயேவா?"

பிச்சாண்டி குனிந்து பார்த்தான். அதைச் சுற்றி அவன் துடைக்காமல் விட்ட அழுக்கு வட்டம் அப்படியே இருந்தது. "அதே இடம்தான் சார்."

"அப்ப அதை எழுதுங்கம்மா. உண்மையை எழுத என்ன தயக்கம்?"

பொன்னுத்தாய் எழுதினாள்: 'இன்று தாழி நகரவில்லை.'

மறுநாள்: 'இன்றும் தாழி நகரவில்லை. மத்தியானம் சவரிமுத்து பக்கத்தில் நின்று தும்மினார். அப்போதும் நகரவில்லை.'

அதற்கும் மறுநாள்: 'இன்று மின்சாரம் இல்லாததால் சிறிது நேரம் தாழியைப் பார்க்க முடியவில்லை. விளக்கு வந்ததும் பார்த்தோம். இருந்தது.'

உலகம் ஒரு விசித்திரமான இடம். முதலில் மலேசியாவிலிருந்து ஒருவர் படித்தார். தன் நண்பர்களுக்குச் சொன்னார். கனடாவில் ஒரு மருத்துவமனைத் தாதி, வேலைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்தால்தான் மனம் நிற்கிறது என்று எழுதினாள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் படித்தார்கள். கோர்ட்டில் வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள் படித்தார்கள். ஒருநாள் பதிவு கொஞ்சம் தாமதமானால் போதும், 'தாழிக்கு என்ன ஆயிற்று?' என்று ஆயிரம் பேர் கேட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் மட்டும், 'படத்தைக் கூர்ந்து பார்த்தேன். தாழி இடது பக்கம் லேசாகத் திரும்பியிருப்பதுபோல் தெரிகிறதே?' என்று எழுதிவிட்டார்.

மாசிலாமணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தாழி திரும்பியிருந்து, அதைத் தான் கவனிக்காமல் இத்தனை பேருக்கும் பொய் சொல்லியிருந்தால்?

"உருண்டையா இருக்கிறதுக்கு இடது ஏது சார்?" என்றான் பிச்சாண்டி.

"முகம் எதுன்னு தெரிஞ்சாத்தானே இடது தெரியும்? முகம் எதுன்னு பாருங்க."

சவரிமுத்து முகத்தைத் தேடித் தாழியைச் சுற்றி வந்தார். சுற்றினார், சுற்றினார், கடைசியில் தலை கிறுகிறுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தாழி சுத்தலை சார்," என்றார் கண்ணை மூடிக்கொண்டே. "நான்தான் சுத்தினேன். அது சுத்தியிருந்தா அதுக்குத்தானே மயக்கம் வந்திருக்கணும்?"

இதை அப்படியே வலைப்பூவில் எழுதினார்கள். சிங்கப்பூர்க்காரர் ஒப்புக்கொண்டார்.

பங்குனி பிறந்தது. இயக்குநர் அழைத்தார். மாசிலாமணி தாழியை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கைபேசியை எடுத்தார். ஆனால் இயக்குநரின் குரலில் தேன் சொட்டியது.

"மாசிலாமணி, அசத்திட்டீங்க. உலகமே பார்க்குது. தாழி இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது.

"ஆனா ஒண்ணு," என்றார் இயக்குநர். "இப்ப அது உலகத்துச் சொத்து. வெயில் படக் கூடாது, தூசி படக் கூடாது, கண்டவன் கை படக் கூடாது. இருக்கிறதுலயே பத்திரமான இடம் எதுவோ அங்கே வைங்க. ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாளே லாரி வரும், சொல்லிட்டேன். அடுத்த வாரம் வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிட்டு வர்றேன்."

போன உயிர் திரும்பி வந்து, பாதியில் நின்றது. மாசிலாமணி மறுபடி எல்லோரையும் கூட்டினார்.

"இருக்கிறதுலயே பத்திரமான இடம் எது?"

"பேங்க் லாக்கர்," என்றாள் பொன்னுத்தாய். அவளே போய் மேலாளரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். "லாக்கர் இவ்வளவுதான் சார் இருக்கு. நம்ம தாழியில வேணும்னா பத்து லாக்கரை வைக்கலாம்."

"எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில?" என்றார் சவரிமுத்து. "எங்க வீட்டுல எது வச்சாலும் அப்புறம் யார் கண்ணுலயும் படாது சார்."

பிச்சாண்டி துடைப்பத்தின் மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றான். "சார், நம்மகிட்ட வர்றதுக்கு முந்தி இது எங்கே இருந்துச்சு?"

"மண்ணுக்குள்ள."

"எத்தனை காலமா?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலன்னு அட்டையில எழுதியிருக்கு."

"அத்தனை காலத்துல கீறல் விழுந்துச்சா?"

"இல்லை. வாயோரத்துல ஒரே ஒரு கீறல். அதுவும் வெளியே எடுக்கும்போது கடப்பாரை பட்டது."

"அப்ப, கெட்டது நம்மகிட்ட வந்த பிறகுதானே சார்?"

மாசிலாமணி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். இத்தனை நாளாகத் தானே அதை ஆபத்தில் வைத்திருந்ததை நினைக்க அவருக்குக் குற்ற உணர்வாக இருந்தது.

பொன்னுத்தாய்க்கு ஒரு சந்தேகம். "புதைச்சுட்டா பார்க்க வர்றவங்களுக்கு எதைக் காட்டுறது?"

"பார்க்கிறவங்க எல்லாரும் இணையத்துல பார்க்கிறாங்கம்மா. இங்கே வர்றவங்க ஃபேனுக்கு அடியில உட்காரத்தான் வர்றாங்க. ஃபேன் எங்கேயும் போகலையே."

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "தாழி நகரலைன்னு தினமும் எழுதறோம். இறக்கினா நகர்ந்த மாதிரிதானே?"

இது கடினமான கேள்வி. எல்லோரும் தாழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாசிலாமணி தீர்ப்புச் சொன்னார். "வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை. அன்னைக்கு வலைப்பூவும் கிடையாது. எழுதாத நாள்ல என்ன நடந்தா என்ன?"

வெள்ளிக்கிழமை காலையில் தாழியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத் தரைக்கற்களைப் பெயர்த்தார்கள். தாழி நின்ற இடத்திலேயே ஆழமாகக் குழி தோண்டினார்கள். கயிறு கட்டிப் பூப்போல இறக்கினார்கள். உள்ளே கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார் மாசிலாமணி. சவரிமுத்து டார்ச்சோடு உள்ளே இறங்கினார். மாசிலாமணி கைகழுவப் போனார். அவர் திரும்பி வந்தபோது பிச்சாண்டி மேலே ஒரு மரப்பலகையை வைத்து மூடி, மண்ணைத் தள்ள ஆரம்பித்திருந்தான்.

"சவரி எங்கே?"

"டீ குடிக்கப் போயிருப்பார் சார்."

அப்போது குழிக்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மறுபடியும் டொக் டொக்.

"சார், தாழி என்னமோ சொல்லுது," என்று பொன்னுத்தாய் கணினியை நோக்கி ஓடினாள். "இன்னைக்குத்தான் சார் உண்மையிலேயே ஒண்ணு நடந்திருக்கு."

"இன்னைக்கு விடுமுறைம்மா," என்றார் மாசிலாமணி.

"ஏ பிச்சாண்டி," என்றது தாழி. "ஒரு டீ எனக்கும் சேர்த்துச் சொல்லுடா. அப்படியே இந்தப் பலகையை எடு."

சவரிமுத்து வெளியே வந்து, உள்ளே கீறல் ஒன்றும் இல்லை என்றும், அட்சதை மட்டும் கொஞ்சம் கிடப்பதாகவும் தெரிவித்தார். பிறகு மண்ணைத் தள்ளி, கெட்டிப்படுத்தி, கற்களை இருந்தபடியே பதித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கூடம் விசாலமாகப் பளபளவென்று இருந்தது. இத்தனை நாள் இந்த இடத்தைத் தாழி அடைத்துக்கொண்டிருந்ததே என்றுகூடப் பிச்சாண்டிக்குத் தோன்றியது.

சனிக்கிழமை பொன்னுத்தாய் எழுதினாள்: 'இன்று தாழி நகரவில்லை.' அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. முன்பு எழுதியதையெல்லாம்விட இது உறுதியான உண்மை.

இயக்குநர் சொன்னபடியே வந்தார். பின்னால் வெள்ளைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், மாலையும் தட்டுமாக ஊர்ப் பெரியவர்கள். மாசிலாமணி சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். கூட்டம் கூடத்தின் நடுவில் வந்து நின்றது. இயக்குநர் வலப்பக்கம் பார்த்தார். கல்வெட்டு இருந்தது. இடப்பக்கம் பார்த்தார். முதலை இருந்தது.

"மாசிலாமணி, தாழி எங்கே?"

"இங்கேதான் ஐயா இருக்கு."

"எங்கே?"

"அதே இடத்துல ஐயா. கொஞ்சம் கீழே."

இயக்குநர் தரையைப் பார்த்தார். தரையில் அவர் முகம் தெரிந்தது. அந்த முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"நீங்க சொன்னது எதையும் விடலை ஐயா," என்றார் மாசிலாமணி. குரலில் பெருமை இருந்தது. அதை அடக்க முயன்றது தெரிந்தது. "வெயில் படலை. தூசி படலை. கை படவே வழியில்லை. இன்னும் ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கவலையில்லை."

"ஏய்யா, இவங்க எல்லாம் கடல் தாண்டி வந்திருக்காங்க. தாழியைப் பார்க்கணும்னு வந்திருக்காங்கய்யா."

"அதுக்குத்தானே ஐயா இணையத்துல போட்டிருக்கோம்," என்று மாசிலாமணி தன் கைபேசியைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார்.

விருந்தாளிகள் முண்டியடித்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தார்கள். இயக்குநர் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கையை நீட்டித் துழாவினார். பிடித்துக்கொள்ள எதுவும் அகப்படாததால் அப்படியே கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிச்சாண்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

"ஐயா, மன்னிச்சுக்கணும். கொஞ்சம் தள்ளி உட்காருங்க. பாரம் ஏறிக் கீறல் விழுந்தா லாரி வந்துருமாம். மேலிடத்துல ரொம்பக் கண்டிப்பானவர் ஒருத்தர் இருக்காராம்."